பூட்டி பேர் என்ன?

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தேன்: உங்கள் ஆச்சியைப் பெற்ற அம்மாவின், அதாவது பூட்டியின் பெயர் என்ன? கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிந்துவிட்டன. நிறையப் பேர் ‘தெரியாது, எப்படிக் கண்டுபிடிக்க?’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சிலர் ஏழு தலைமுறைக்குப் பெயர்களை வரிசையாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள், எல்லாம் ஆம்பிளைகள் பெயர், ஒரு பொம்பிளை பெயர்கூட அதில் இல்லை. பதிவுத் துறையில் முப்பது வருஷம் பழைய புத்தகங்களோடு கிடந்தவள் நான். அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. திதி கொடுக்கப் பாபநாசம் போனபோது ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். தாத்தா பெயர் சொன்னேன், அதற்கு மேல் வரவில்லை. அம்மா வழி, ஆச்சி வழி கேட்டபோது சுத்தமாக முழித்தேன். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், அம்பாசமுத்திரம்

கூச்சப்படாதீர்கள் தம்பி. ஆடி அமாவாசை அன்று அந்தப் படித்துறையில் நின்று பாருங்கள், தாத்தா பெயரோடு நின்றுவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

பேப்பரைத் தேடி உடனே அலைய வேண்டாம். அப்பா கூடப் பிறந்த அத்தை யாராவது இருக்கிறார்களா? அப்பாவுடைய சித்தி, பெரியம்மை? இருக்கிறவர்களில் மூத்தவர் யாரோ அவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பத்திரம் இன்னும் நூறு வருஷம் பீரோவில் கிடக்கும், அத்தைக்கு எண்பத்தைந்து வயசு. நான் பார்த்தவரை, வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போன பெண்கள்தான் பிறந்த வீட்டுக் கதையைக் கலையாமல் வைத்திருப்பார்கள். ஊரிலேயே இருந்த ஆண்களைக் கேட்டால் எந்த வயலுக்கு எந்த மடையில் தண்ணீர் பாயும் என்று சொல்வார்கள், பெரியப்பா சம்சாரத்துக்குப் பிறந்த ஊர் எது என்று கேட்டால் யோசிப்பார்கள்.

‘நம்ம குடும்ப வரலாறு சொல்லுங்க’ என்று போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. ‘அத்தை, உங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாக, எந்த ஊர்ல இருந்து வண்டி கட்டி வந்தாக, தாய்மாமன் சீர் யாரு கொண்டு வந்தா’ என்று கேளுங்கள். அப்புறம் அவர் நிறுத்த மாட்டார். போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், நடுவில் திருத்தாதீர்கள். வருஷம் கேட்டால் தெரியாது என்பார். ‘தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா’ என்று கேட்டால் டக்கென்று சொல்வார், அது 1964 டிசம்பர். அதேபோல 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளமும் நம்ம ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் மனசில் நிற்கிற ஒரு தேதி.

அடுத்தது வீட்டுக்குள்ளேயே இருக்கிற எழுத்து. மொய் நோட்டை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை. ஆனால் பெயர், ஊர், உறவு மூன்றும் ஒரே வரியில் கிடைப்பது அதில்தான். கருமாதிப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள், மகன், மகள், மருமகன், பேரன் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். பழைய ஜாதக ஓலையோ நோட்டோ இருந்தால் ‘இன்னார் பேரனும் இன்னார் குமாரனுமாகிய’ என்று தொடங்கும், அங்கேயே இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். உங்கள் சாஸ்தா கோவிலிலும், கொடை நடக்கிற அம்மன் கோவில், மாடன் கோவிலிலும் தலைக்கட்டு வரி நோட்டு யாராவது பெரியவர் வீட்டில் இருக்கும். எந்த வருஷம் எந்தக் குடும்பம் தனி வரி கொடுக்க ஆரம்பித்தது என்று பார்த்தாலே அண்ணன் தம்பி எப்போது பிரிந்தார்கள் என்று தெரியும்.

பெயர்களையும் சும்மா விடாதீர்கள், நம்ம பக்கத்துப் பெயர் ஊரைச் சொல்லும். உலகம்மாள், உலகநாதன் என்று திரும்பத் திரும்ப வந்தால் பாபநாசம் பக்கம். கோமதி, ஆவுடையம்மாள் என்றால் சங்கரன்கோவில். குழல்வாய்மொழி குற்றாலம், காந்திமதி நெல்லை டவுன், வானமாமலை நாங்குநேரி, நம்பி திருக்குறுங்குடி, மகரநெடுங்குழைக்காதன் என்று ஒரு தாத்தா இருந்தால் தென்திருப்பேரையைத் தவிர வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. சொரிமுத்து, தளவாய், சுடலைமுத்து, இசக்கி, பேச்சி எல்லாம் குலதெய்வத்தோடு ஒட்டிய பெயர்கள். இது அடையாளம்தான், அத்தாட்சி கிடையாது, ஆனால் எந்தத் திசையில் நடக்கணும் என்று காட்டும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரனுக்கு அப்பா வழித் தாத்தா பெயரை வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்று விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். வீட்டு மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் அந்தப் பேரனை வீட்டில் ராசா, பெரியவன், ஐயா என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். அதனால் அத்தை சொல்கிற ‘ராசா மாமா’வும் பத்திரத்தில் இருக்கிற சுடலைமுத்துவும் ஒரே ஆளாக இருக்கலாம். இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

தாத்தா பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘௲௭௰௫௵ ஆவணி௴’ என்று இருக்கிறது, பக்கத்தில் விகாரி என்று ஒரு வார்த்தை. இது எந்த வருஷம்?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

1899 ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். நல்ல பத்திரம், பத்திரமாக வையுங்கள், தயவுசெய்து லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

எப்படி என்று சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௲ ஆயிரம், ௭௰ எழுபது, ௫ ஐந்து. ஆக 1075. இது கொல்லம் ஆண்டு, மலையாளத்தாரைப் போலவே திருநெல்வேலிச் சீமையிலும் பத்திரங்களில் இதைத்தான் எழுதினார்கள். கொல்லம் ஆண்டு நம்ம பக்கம் ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரைக்கும் 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி வரைக்கும் 825 கூட்டுங்கள், இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும். விகாரி அறுபது வருஷச் சுற்றில் வருவது, அது 1839, 1899, 1959, 2019 எல்லாவற்றுக்கும் பொருந்தும், தனியாக அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. கொல்லத்தையும் விகாரியையும் சேர்த்தால்தான் சந்தேகமில்லாமல் 1899. இன்னொன்று, தமிழ் வருஷம் சித்திரையில் மாறும், கொல்லம் ஆவணியில் மாறும், அதனால் அடுத்த சித்திரையில் எழுதிய பத்திரத்தில் கொல்லம் 1075 ஆகவே இருக்கும், வருஷப் பெயர் மட்டும் சார்வரி என்று மாறியிருக்கும். அதைப் பார்த்து எழுதினவர் பிழை விட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

பத்திரம் கையில் இருக்கிறதால் சொல்கிறேன், வாங்கினவர், விற்றவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். நான்கு எல்லை சொல்கிற இடத்தில் ‘இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் வீட்டுக்குத் தெற்கு’ என்று வரும், அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் பல சமயம் தாத்தாவுடைய அண்ணன் தம்பியாக இருப்பார், பாகம் பிரித்தால் பக்கத்துப் பக்கத்தில்தானே வரும். கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் பெரும்பாலும் 1975 வரைக்கும்தான் போகும், அதற்கு முந்தினதுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, கையால் தேட வைக்கணும். அங்கே சொத்தை வைத்து ஓர் அட்டவணை உண்டு, ஆள் பெயரை வைத்து இன்னோர் அட்டவணை உண்டு. எல்லாரும் சர்வே நம்பரைத்தான் கேட்பார்கள், நீங்கள் பெயர் அட்டவணையைக் கேளுங்கள். உயில் தனிப் புத்தகத்தில் இருக்கும், எழுதியவர் இறந்துவிட்டால் யார் மனுப் போட்டாலும் நகல் கிடைக்கும். உயிலில் பெண்மக்கள் பெயர் வராமல் இருக்காது.

பத்திரம், பட்டா என்றே எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம்கூட இருந்ததில்லை. பண்ணை வேலை பார்த்தவர்கள். எங்களுக்கு எந்த ஆபீஸில் போய்த் தேட?
— வாசகர், களக்காடு பக்கம்

இந்தக் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். நீங்கள் சொல்வது நியாயம், நம்ம நாட்டுப் பழைய ஏடுகள் முக்கால்வாசி நிலத்தைப் பற்றினவை, நிலம் இல்லாதவனை அவை தேடிப் போகவில்லை. ஆனாலும் வழி இருக்கிறது.

தாமிரபரணிப் பாசனத்தில் கோவில், மடத்து நிலங்கள் அதிகம். திருவாவடுதுறை ஆதீனத்துக்கே இங்கே நிலம் உண்டு. அவற்றைக் குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள் பெயர் 1969ஆம் வருஷக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாகியிருக்கும், தாலுகா அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1892ஆம் வருஷ உத்தரவுப்படி ஒதுக்கிய பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் இருந்ததா என்று ஊர் நிலங்களை எல்லாம் வரிசையாக எழுதிய பழைய ‘அ’ பதிவேட்டில் பாருங்கள், இருந்தால் முதலில் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தேடலாம். முன்னால் சொன்ன நான்கு எல்லை விஷயம் உங்களுக்கும் பொருந்தும், மற்றவர் பத்திரத்தில் ‘இன்னார் குடியிருப்புக்கு மேற்கு’ என்று உங்கள் முப்பாட்டன் பெயர் எல்லையாக நிற்கலாம்.

பஞ்சாலைக்கோ மாஞ்சோலை எஸ்டேட்டுக்கோ ரயில்வேக்கோ பட்டாளத்துக்கோ போனவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வந்தபிறகு சுற்று ஊர்களில் இருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வேலைச் சீட்டு, பி.எஃப். நமூனா, ஓய்வூதியத் தாள் எதிலும் அப்பா பெயர், பிறந்த ஊர் இருக்கும், வாரிசாக மனைவி பெயரும் இருக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேட்டையும் கேளுங்கள். அதில் பிறந்த தேதியை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் வாத்தியார் போட்டது. தகப்பன் பெயரை நம்பலாம்.

பழைய தாள்களில் சாதிப் பெயரை இழிவான சொல்லில் எழுதியிருப்பார்கள். வாசிக்கும்போது நெஞ்சு வலிக்கும். நகல் எடுக்கும்போது உள்ளதை உள்ளபடி எடுத்து வையுங்கள், உங்கள் வீட்டுப் பட்டியலில் உங்கள் மனசுக்குச் சரியென்று படுகிற விதத்தில் எழுதுங்கள்.

நாங்கள் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அதற்கு முன்னால் யார் என்று தெரியவில்லை. கோவில் பதிவேட்டில் கிடைக்குமா?
— வாசகி, நாசரேத்

கிடைக்கும் அம்மா, நீங்கள் கொடுத்து வைத்தவர். முதலூர் 1799இலேயே கிறிஸ்தவர்களுக்கென்று ஏற்பட்ட ஊர், மிஷனரிமாரில் இரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820, கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841. அந்தச் சபைகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்றுக்கும் ஏடு உண்டு. ஞானஸ்நான ஏட்டில் குழந்தைக்கு அப்பா பெயரோடு அம்மா பெயரும் எழுதுவார்கள், ஊர், தொழிலும் உண்டு. அந்தக் காலத்தில் நம்ம ஜில்லாவில் ஒரு கூலிக்காரப் பெண்ணின் பெயரை மரியாதையாக ஒரு புத்தகத்தில் எழுதி வைத்த இடம் அது. வளர்ந்தபிறகு ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்குப் பழைய பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், உங்களுக்கு வேண்டியது அந்த வரிதான். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி இந்தப் பக்கம் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்தார்கள், நாலு தலைமுறை என்கிறீர்கள், அதனால் முதலில் அந்த வருஷங்களைப் புரட்டுங்கள்.

2003இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம், அதாவது பிஷப்பின் ஆளுகைப் பகுதி, தனியாகப் பிரிந்துவிட்டது. ஏடு உங்கள் குருவானவர் பார்க்கிற சேகரத்தில் இருக்கலாம், திருமண்டல அலுவலகத்தில் இருக்கலாம், பிரிவினைக்கு முந்தினது பாளையங்கோட்டையிலும் இருக்கலாம். முதலில் குருவானவரைப் பார்த்து, ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஏட்டுத் தாள் தொட்டாலே நொறுங்கும், ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுங்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு?
— வாசகி, மேலப்பாளையம்

ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. மணமகள் பெயர், அவர் வாப்பா பெயர், மணமகன் கொடுக்கிற மஹர் தொகை எல்லாம் இருக்கும். கபரஸ்தானில் மீசான் கல், அதாவது கபர் மேல் நட்ட கல் இருந்தால் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதின தமிழ்) வாசிக்கத் தெரிந்த பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள்.

நாங்கள் சிலோனில் இருந்து வந்தவர்கள். தாத்தா சாகும்வரை ‘நமக்குத் திருநெல்வேலி ஜில்லா’ என்று சொல்வார். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இனிமேல் கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகர், கோத்தகிரி

முடியும் என்று நம்பியே தேடுங்கள். 1964 அக்டோபர் 30 அன்று போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளிக்காரர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று எழுதினார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆள் எண்ணிக்கையை அப்படிப் பிரித்தார்கள், நடுவில் குடும்பங்கள் எப்படிக் கிழிந்தன என்பது உங்கள் வீட்டிலேயே தெரிந்திருக்கும். அந்தப் பிரிவினைக்காக ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது, அதில் பூர்வீகம் எது என்று ஒரு கேள்வி இருக்கும். உங்கள் வீட்டில் குடும்ப அட்டையோ, கப்பல் ஏறுமுன் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டோ இருக்கும், பழைய டிரங்குப் பெட்டியில் பாருங்கள், மண்டபம் முகாமில் முத்திரை குத்திய தாள் எதையும் தூரப் போடாதீர்கள்.

இலங்கையில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழை அங்கே மனுப் போட்டு வாங்கலாம், அந்த நமூனாவில் தாத்தா பெயருக்கும் இடம் உண்டு. தோட்டத்தின் பெயர் முக்கியம். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரையும் சுற்று ஊர்களையும் சேர்ந்தவர்களைத்தான் கூட்டிப் போனார்கள். ஆகவே உங்கள் தாத்தா இருந்த தோட்டத்தில் அதே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்த வேறு குடும்பங்களைத் தேடுங்கள், அவர்களில் யாருக்காவது ஊர் தெரிந்திருந்தால் உங்கள் ஊர் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். நீலகிரியில் உங்களைப் போல வந்தவர்கள் எத்தனையோ குடும்பம், ஆளுக்கொரு துண்டு தெரியும், சேர்த்துப் பாருங்கள்.

தாத்தாவின் ‘திருநெல்வேலி ஜில்லா’ இன்றைய ஜில்லா இல்லை என்பதையும் மனசில் வையுங்கள். 1910 வரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் இதில்தான் இருந்தன. 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. விளாத்திகுளத்துக்காரரும் திருநெல்வேலி ஜில்லாதான், சிவகிரிக்காரரும் திருநெல்வேலி ஜில்லாதான். தாத்தா பேசின பேச்சு ஞாபகம் இருக்கிறதா? சாமி கும்பிடும்போது எந்தப் பெயரைச் சொல்வார்? லயத்துக்குப் பின்னால் எந்தச் சாமிக்குக் கல் நட்டிருந்தார்கள்? கார்க்குவேல் அய்யனார் என்று சொன்னார் என்றால் நேராகத் தேரிக்குடியிருப்புக்குப் பஸ் ஏறுங்கள்.

டர்பனில் இருந்து ஒருவர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு போன தை மாதம் வந்தார். அவருடைய முப்பாட்டி இந்த ஊராம். நாங்கள் எப்படி உதவ?
— வாசகர், பாளையங்கோட்டை

ரொம்ப சந்தோஷமாக இருந்தது இதைப் படிக்க. சென்னையில் இருந்து, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு முதல் கப்பல் 1860 நவம்பரில் போய்ச் சேர்ந்தது, 1911 வரைக்கும் கல்கத்தாவில் இருந்து போனவர்களையும் சேர்த்து மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் அடையாளம் எல்லாம் எழுதினார்கள். பெண்களுக்கும் தனி எண், தனி வரி, புருஷன் பெயருக்குள் ஒளித்து வைக்கவில்லை. நினைத்துப் பாருங்கள், ஊரைவிட்டு கூலியாக ஏற்றி அனுப்பிய ஒரு பெண்ணுடைய பெயரும் அவள் தகப்பன் பெயரும் அந்த நாட்டில் பத்திரமாக இருக்கிறது, அதே வருஷம் இங்கே இருந்த அவள் அக்கா தங்கச்சி பெயர் எங்கேயும் இல்லை.

அந்தக் காலனி எண்ணை அவரிடம் கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், வாய்விட்டுப் படித்தால்தான் எந்த ஊர் என்று புரியும். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருந்தால் தாலுகாவை வைத்துப் பிரியுங்கள். அப்புறம் தகப்பன் பெயரைப் பழைய வரி நோட்டிலும் கோவில் ஏட்டிலும் தேடுங்கள். கிடைக்காவிட்டாலும் ஊர்க் கோவிலில் அவர் நின்று கும்பிட ஏற்பாடு பண்ணுங்கள், அதற்குத்தான் அத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறார்.

செங்கோட்டையில் எங்கள் பழைய ஆவணங்களைத் திருநெல்வேலியில் கேட்டால் இல்லை என்கிறார்கள்.
— வாசகர், செங்கோட்டை

1956 நவம்பர் 1க்கு முந்தினது என்றால் அங்கே இருக்காது, அன்றுதான் உங்கள் ஊர் திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்து நம்ம பக்கம் வந்தது. திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடுமாமே?
— வாசகர், தூத்துக்குடி

பெயர் ஒன்றும் தெரியாது. உங்களைப் போலவே எச்சில் கொடுத்த தூரத்துச் சொந்தக்காரர் யாராவது அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருந்தால் ‘இவர் உங்கள் உறவு’ என்று காட்டும், அவ்வளவுதான். டர்பன், பிஜி, மொரீஷியஸ் போனவர்களின் வாரிசுகளோடு சேருவதற்கு அது உதவலாம். ஆனால் கொடுத்த பிறகு அது உங்கள் தனி விஷயம் இல்லை, உங்கள் பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லாரைப் பற்றிய தகவலும் அதில் போகிறது. அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தாத்தா பத்திரத்தைப் பார்க்கணும் என்று பெரியப்பா வீட்டில் கேட்டேன். அன்றில் இருந்து பேச்சே இல்லை. சொத்தில் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அந்த எண்ணமே கிடையாது அக்கா.
— வாசகி, தென்காசி

உங்கள் கஷ்டம் புரிகிறது, என்னிடம் வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு இது நடந்திருக்கிறது. 1989இல் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தபிறகு பொம்பிளைப் பிள்ளை பத்திரம் என்ற வார்த்தையைச் சொன்னாலே வீட்டில் ஒரு பயம். பங்கு கேட்பது உங்கள் உரிமை, அது தப்பான காரியமும் இல்லை. ஆனால் நீங்கள் இப்போது தேடுவது வேறு. அதனால் பெரியப்பாவிடம் பத்திரத்தைக் கேட்காதீர்கள், ‘பெரியப்பா, உங்க ஆச்சி பேர் என்ன’ என்று கேளுங்கள். பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே வாங்கிக்கொள்ளலாம், கிரயம், பாகப்பிரிவினை இருக்கிற முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம்.

அங்கே போனால் விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். கல்யாணம் ஆனபிறகு பெண்மக்களிடம் ‘எனக்கு இந்தச் சொத்தில் பாத்தியம் இல்லை’ என்று எழுதி வாங்குவார்களே, அதுதான். பங்கைப் பறிக்க எழுதின தாள்தான். ஆனால் அந்த வீட்டில் பிறந்த பெண்கள் அத்தனை பேர் பெயரும், புருஷன் பெயரும், வாக்கப்பட்ட ஊரும் சேர்ந்தாற்போல் இருப்பது அந்தத் தாளில்தான். அதேபோல மைனர் சொத்தை விற்ற பத்திரங்கள். அப்பன் சின்ன வயசில் செத்திருந்தால் ‘மைனருக்குக் கார்டியன் தாயார் இன்னார்’ என்று வரும்.

என் பூட்டியை நான் கண்டுபிடித்தது அப்படித்தான். வீட்டில் அவரை எல்லாரும் பெரியாச்சி என்றே சொல்வார்கள், பெயர் யாருக்கும் தெரியாது. நான் ஓய்வு பெற்றபிறகு, வேறு ஒருவருக்காக 1912ஆம் வருஷப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பெயர், எங்கள் வீட்டு எல்லை, எங்கள் தாத்தா மைனர் என்று இருந்தது, அடுத்த வரியில் கார்டியன் தாயார் பெயர், அதற்குக் கீழே ரேகை என்று குறிப்பு. என் தங்கச்சிக்கு ஆச்சி பிடிவாதமாக நின்று வைத்த பெயர் அது. ஏன் அந்தப் பெயர் என்று யார் கேட்டாலும் ஆச்சி காரணம் சொல்லமாட்டார். மாமியார் பெயரை எப்படி வாயால் சொல்வார்? அன்று அந்த அறையில் கொஞ்ச நேரம் எனக்கு அடுத்த வரியைப் படிக்க முடியவில்லை.

மாமியாரோடு சேர்ந்து ஒரு பெரிய சார்ட்டில் எங்கள் வம்சத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆண்கள் பக்கம் நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கம் பாதிக் கட்டம் காலி. கோடுகள் வேறு ஒன்றோடு ஒன்று சிக்குகின்றன. பெயர் தெரியாத கட்டத்தில் என்ன எழுதுவது?
— வாசகி, வள்ளியூர்

கோடு சிக்குவது உங்கள் தப்பு இல்லை. கணக்குப்படி ஐந்து தலைமுறை மேலே போனால் 32 பேர் இருக்கணும். நம்ம பக்கம் அத்தை மகள், மாமன் மகள் என்று முறைக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் ஒரே பூட்டி இரண்டு வழியில் வந்து நிற்பார், ஆள் எண்ணிக்கை 32க்குக் குறையும். அவரை இரண்டு கட்டத்தில் எழுதாமல் ஒரே கட்டத்தில் எழுதி இரண்டு கோடும் அங்கே வந்து சேரட்டும். ஒருவர் இரண்டு கல்யாணம் பண்ணியிருந்தால் இரண்டு பேரையும் எழுதுங்கள், குழந்தை இல்லாதவர், சின்னதில் இறந்த பிள்ளை யாரையும் விடாதீர்கள்.

உங்கள் சமூகத்தில் கிளை உண்டா என்று மாமியாரைக் கேளுங்கள். நம்ம சீமையில் சில சமூகங்களில் கிளை தாய்வழியாகத்தான் இறங்கும், அப்பா கிளை பிள்ளைக்கு வராது, ஒரே கிளைக்குள் கல்யாணம் கிடையாது. அப்படி இருந்தால் உங்கள் அம்மா, அவர் அம்மா, அவரைப் பெற்றவர் எல்லாருக்கும் ஒரே கிளைப் பெயர். ஆள் பெயர் ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் அந்த ஒரு சொல் அத்தனை பெண்களையும் தாண்டி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சார்ட்டின் ஓரத்தில் அதைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

காலிக் கட்டத்தை அழிக்காதீர்கள், ‘மனைவி’ என்று மட்டும் எழுதி மூடவும் வேண்டாம். ஊருக்குள் அந்தப் பெண்ணை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பெயர் மறந்துபோன இடத்தில்கூட ‘கடையத்துக்காரி’, ‘களக்காட்டுக்காரி’ என்று பிறந்த ஊரை வைத்துக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கும். கட்டத்தில் அதை எழுதுங்கள். எழுதிவிட்டு, வருகிற பங்குனி உத்திரத்துக்கு அந்த ஊர்ப் பக்கத்துச் சாஸ்தா கோவில்களுக்குப் போங்கள், எங்கெங்கோ இருக்கிற குடும்பமெல்லாம் அன்றைக்குப் பொங்கல் வைக்க வந்திருக்கும். வள்ளியூர் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு எது என்று வயசான ஆச்சிமார் நாலு பேரிடம் கேளுங்கள். சார்ட்டைச் சுருட்டிக் கையோடு எடுத்துப் போங்கள், ஒரு பேனாவும்.